கேளுங்க, சொல்றேன்! – இந்த வாரம் முழுக்க ஒரு பிரேசில் சீரியல்

போன இதழ்ல ஏதோ ஒரு பதிலுக்கு நடுவுல, "பிரேசில்ல டீனேஜ் பசங்களுக்காகவே ஒரு சீரியல் கால் நூற்றாண்டு ஓடுச்சு"ன்னு போற போக்குல எழுதிட்டேன், பேரு கூட சொல்லல. அதுக்கு வந்த கேள்விகளைப் பாத்துட்டு இந்த வாரப் பக்கத்தை முழுசா அதுக்கே குடுத்துட்டேன். முடி கொட்டுறதுக்கு வழி கேட்டவங்க, மாமியாரைப் பத்தி எழுதினவங்க எல்லாரும் அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கே: அக்கா, அந்த சீரியல் பேரு என்ன? கால் நூற்றாண்டுன்னா ஹீரோ தாத்தா ஆயிருப்பாரே, அப்புறம் எப்படி டீனேஜ் சீரியல்? — ப்ளஸ் டூ மாணவர், விருத்தாசலம்

பேரு மல்யசாவ். பிரேசிலோட பெரிய சேனல் குளோபோவுல 1995 ஏப்ரல் 24ல ஆரம்பிச்சுது, புதுசா எடுத்த கடைசி எபிசோடு 2020 ஏப்ரல் 3ல வந்துச்சு, மொத்தம் 27 சீசன். ஹீரோ தாத்தா ஆகல தம்பி, ஏன்னா ஹீரோவை அவங்க வெச்சுக்கவே இல்ல! ஒரு வருஷம் கதை ஓடும், காதல், சண்டை, துரோகம் எல்லாம் முடியும், அந்த ஜோடியை வாழ்த்தி அனுப்பிட்டு அடுத்த வருஷம் புது பையன் புது பொண்ணு. ஆரம்ப காலத்துல சில பேரை அனுப்ப மனசில்லாம கூடவே வெச்சிருந்தாங்க, மொகோட்டோன்னு ஒரு காமெடி கேரக்டர், ஆந்த்ரே மார்க்கெஸ் நடிச்சாரு, பல வருஷம் அங்கேயே சுத்திக்கிட்டு இருந்தாரு. 2010க்கு அப்புறம் அந்தத் தயக்கமும் போயிடுச்சு, வருஷா வருஷம் முழு செட்டும் புதுசு, கதை நடக்குற இடம் கூட புதுசு.

என்னைக் கேட்டா இவ்ளோ வருஷம் ஓடினதுக்குக் காரணமே இதுதான். கதை பிரமாதம்னு சொல்ல மாட்டேன், பல சீசன் சுமார், சிலது சுமாருக்கும் கீழ. ஆனா பாக்குற பையனுக்கு வயசு ஏறும், சீரியலுக்கு ஏறாது. அவன் காலேஜ் போனதும் அவன் தங்கச்சி உக்காந்து பாக்கும், அவளுக்கு அவ வருஷத்து ஆளுங்க இருப்பாங்க. அதனாலதான் பிரேசில்ல ஒருத்தர்கிட்ட "உங்க மல்யசாவ் எது?"ன்னு கேட்டா அவங்க வயசைக் கண்டுபிடிச்சிடலாம்.

கே: ஏன் சாயங்காலம் அஞ்சரை மணிக்குப் போட்டாங்க? அப்போ பசங்க டியூஷன்ல இருப்பாங்களே? — குடும்பத்தலைவி, நாகர்கோவில்

அங்க ஸ்கூல் நடக்குற விதமே வேற மா. பெரும்பாலான ஸ்கூல் ஷிஃப்ட் முறையில ஓடுது, ஒரு கூட்டம் காலையில வந்து மதியம் கிளம்பிடும், இன்னொரு கூட்டம் மதியம் வந்து சாயங்காலம் போகும், சில இடத்துல ராத்திரி ஷிஃப்ட்டும் உண்டு, வேலைக்குப் போற பசங்களுக்கு. அதனால அஞ்சு, அஞ்சரைக்கு பெரும்பாலான பசங்க வீட்டுல சோபாவுல சாஞ்சு ரொட்டியும் காபியும் சாப்பிடுற நேரம். குளோபோவோட சாயங்கால வரிசையும் கல்லுல செதுக்கின மாதிரி, ஆறு மணிக்கு மென்மையான காதல் கதை, பெரும்பாலும் பழைய காலத்துக் கதை, ஏழு மணிக்கு காமெடி கலந்தது, அப்புறம் ஜோர்னல் நாசியோனல்னு நியூஸ், அது முடிஞ்சதும் ஒன்பது மணி வாக்குல ஊரே உக்காந்து பாக்குற பெரிய கதை. இந்த வரிசைக்கு வாசல்ல நின்னு ஆளைக் கூட்டிட்டு வர்ற வேலைதான் மல்யசாவுக்கு. பசங்க டிவியைப் போடுவாங்க, அம்மா வந்து உக்காருவாங்க, அப்புறம் ராத்திரி பத்து வரைக்கும் ரிமோட் நகராது. சேனல்காரங்களுக்கு அது போதும்.

கே: ஜிம்முல ஆரம்பிச்சு ஸ்கூலுக்கு மாறின கதைன்னு ஒரு நண்பர் சொன்னார், உண்மையா? — தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்

உண்மைதான். பேருக்கே உடற்பயிற்சின்னுதான் அர்த்தம். ஆந்த்ரெயா மல்தரோலி, எமானுவேல் ஜக்கோபீனா ரெண்டு பேரும் சேர்ந்து உருவாக்கினாங்க. ரியோ டி ஜெனிரோவுல பாஹா ட டிஜூக்கான்னு கடற்கரையை ஒட்டின பணக்கார ஏரியா இருக்கு, அங்க ஒரு ஜிம், அதுக்கு வர்ற இளவட்டங்க, லூலூ சாந்தோஸ் பாட்டு டைட்டிலுக்கு. 90கள்ல ரியோவுல ஜிம் மோகம் உச்சத்துல இருந்த நேரம், அதனால எடுபட்டுச்சு. ஆனா ஜிம்முல எவ்ளோ நாள் கதை நடத்த முடியும், ட்ரெட்மில்லுல ஓடிக்கிட்டே எத்தனை தடவை காதலைச் சொல்றது? 1998ல தடுமாறி, பேருக்குப் பின்னாடி டாட் காம் ஒட்டி, மொகோட்டோவை வெச்சு நேரலையா கொஞ்சம் நடத்திப் பாத்தாங்க, பாக்குறவங்க போன்லயும் இன்டர்நெட்லயும் வந்து பேசலாம்னு. ஐடியா என்னமோ காலத்துக்கு முன்னாடி போன ஐடியாதான், ஆனா எடுபடல. 1999ல எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு மூல்திப்லா எஸ்கோலான்னு ஒரு ஸ்கூலுக்குள்ள கதையைக் கொண்டு போனாங்க, டைட்டில் பாட்டு ஷார்லி பிரவுன் ஜூனியர்னு ஒரு ராக் பேண்டுக்குப் போச்சு, பசங்க கூடி அரட்டை அடிக்க ஜிகாபைட்னு ஒரு ஸ்நாக்ஸ் கடை வந்துச்சு, கம்ப்யூட்டர் எல்லாம் வெச்சு. இன்னிக்கு நாற்பதை நெருங்குற பிரேசில்காரங்களுக்கு மல்யசாவ்னா அந்த ஜிகாபைட்தான், ஜிம்மு இல்ல.

கே: மொத்த வருஷக் கதையையும் முன்னாடியே எழுதி வெச்சுட்டுத்தான் ஷூட்டிங் போவாங்களா? — சீரியல் ரசிகை, ஈரோடு

இல்லவே இல்ல. ஓட ஓடத்தான் எழுதுவாங்க. தலைமை எழுத்தாளர் ஒருத்தர், அவர் ஒவ்வொரு எபிசோடுக்கும் காட்சி வரிசையைப் போட்டுக் குடுப்பாரு, அவருக்குக் கீழ ஒரு டீம் வசனம் எழுதும். ஒளிபரப்புக்கும் எழுத்துக்கும் நடுவுல சில வார இடைவெளிதான் இருக்கும். அதுக்குள்ள ரேட்டிங் வரும், அங்க அதை இபோப்பின்னே சொல்லுவாங்க, அளக்குற கம்பெனி பேரே ரேட்டிங்குக்குப் பேராயிடுச்சு. கூடவே பாக்குற ஜனங்களைக் கொஞ்சப் பேரை உக்கார வெச்சு பேச விட்டுக் கேக்குற பழக்கமும் உண்டு. ஒரு ஜோடி எடுபடலன்னா பிரிச்சிடுவாங்க, ஓரமா நின்னவனுக்குக் கைதட்டல் வந்தா நடுவுக்கு வந்துடுவான்.

2014ல ஆரம்பிச்ச சோன்யோஸ் சீசன் இதுக்கு நல்ல உதாரணம். தற்காப்புக் கலை சொல்லிக்குடுக்குற ஒரு இடம், பக்கத்துல நடிப்பு, பாட்டு, டான்ஸ் சொல்லிக்குடுக்குற ஒரு இடம், ரெண்டுக்கும் நடுவுல கதை. அதுல அடிதடிக்கார கரீனாவும் கிட்டார் வாசிக்கிற பெத்ரோவும் சேர்ந்தாங்களோ இல்லையோ, ரசிகர்கள் ரெண்டு பேரையும் ஒட்டி பெரீனான்னு பேரு வெச்சு ட்விட்டரையே ரெண்டாக்கிட்டாங்க. முதல் ஜோடின்னு போஸ்டர்ல இருந்தவங்க வேற, ஜனங்க மனசுல இருந்தவங்க வேற. இசபெல்லா சான்டோனி, ரஃபாயெல் வித்தி ரெண்டு பேருக்கும் அதுக்கப்புறம் வேலைக்குப் பஞ்சமே இல்ல.

கே: இதுல நடிச்சவங்க யாராவது பெரிய ஸ்டார் ஆனாங்களா? — வாசகர், சிவகாசி

பெரிய லிஸ்ட் இருக்கு, எனக்குப் புடிச்ச ஒருத்தியை மட்டும் சொல்றேன். 2004 சீசன்ல வாகபாண்டான்னு பசங்க நடத்துற ஒரு ராக் பேண்டு வரும். கதைப்படி ஹீரோ குஸ்தாவோ, ஹீரோயின் லெத்தீசியா, ரெண்டும் பசும்பால் மாதிரி பசங்க. நடுவுல நத்தாஷான்னு ஒருத்தி, பேண்டுல பாடுறவ, கறுப்பு உடுப்பு, கண்ணைச் சுத்தி அப்பின மை, எதைக் கேட்டாலும் வெடுக்குன்னு ஒரு பதில். வில்லத்தனம் பண்றதுக்குன்னு வெச்ச கேரக்டர். ஆனா மைக்கைப் புடிச்சு அவ பாட ஆரம்பிச்சதும் கதை அவ பக்கம் சாஞ்சிடுச்சு. நடிச்ச மார்ஜோரி எஸ்தியானோ நிஜமாவே பாடுறவங்க, "வொசே செம்ப்ரி செரா" பாட்டு சீரியலை விட்டு வெளிய வந்து ரேடியோவைப் புடிச்சுது, அடுத்த வருஷம் அவங்க பேர்லயே ஆல்பம். பின்னாடி அரசு ஆஸ்பத்திரி டாக்டரா ஒரு சீரியல்ல நடிச்சு, 2019ல சர்வதேச எம்மிங்குற டிவி விருதுக்கு சிறந்த நடிகைன்னு பரிந்துரை ஆனாங்க.

மத்தபடி காவாங் ஹேமோன்ட், கரோலினா டீக்மன், சோஃபி ஷார்லோட்டுன்னு குளோபோவோட முன்னணி முகங்கள் பாதிப் பேரு இந்த வாசல் வழியா வந்தவங்கதான். நடிகருக்கு மட்டும் இல்ல, புது எழுத்தாளர், புது டைரக்டர் எல்லாரையும் இங்க விட்டுத்தான் தேத்தி எடுத்தாங்க. ஒன்பது மணிக் கதையில ஒருத்தன் சொதப்பினா கம்பெனிக்கே நஷ்டம், அஞ்சரை மணியில சொதப்பினா அடுத்த சீசன் இருக்கு.

கே: ஒரு நடிகர் அமைச்சரே ஆயிட்டாராமே? — ஆட்டோ ஓட்டுநர், திண்டுக்கல்

அமைச்சர்னு சொல்ல முடியாது அண்ணா, ஆனா கிட்டத்தட்ட. 1999ல ஸ்கூல் கதை ஆரம்பிச்சப்போ ஹீரோவா வந்த மாரியோ ஃபிரியாஸ், 2020ல அதிபர் பொல்சொனாரோ ஆட்சியில கலாச்சாரத்துக்கான சிறப்புச் செயலாளர் ஆனாரு. கலாச்சாரத்துக்குன்னு இருந்த தனி அமைச்சகத்தை அந்த அரசு 2019லயே கலைச்சிடுச்சு, அதனால அந்தத் துறையில பெரிய நாற்காலியே அதுதான். இதுல கூத்து என்னன்னா அவருக்கு முன்னாடி கொஞ்ச மாசம் அந்தப் பதவியில இருந்த ஹெஜீனா துவார்த்தேயும் குளோபோ சீரியல் நடிகைதான், ஒரு காலத்துல நாட்டுக்கே செல்லப் பொண்ணு. ஃபிரியாஸ் 2022ல எம்.பி.யும் ஆயிட்டாரு. கலைஞர்கள் நிறையப் பேரு அவரை வெச்சு செஞ்சாங்க, அது தனிக் கதை.

கே: என் பொண்ணுக்கு 14 வயசு. இந்த மாதிரி வெளிநாட்டு டீன் சீரியல்ல கர்ப்பம், போதைன்னு வருதே, இதெல்லாம் பசங்க பாக்கலாமா? — ஒரு அம்மா, கோயம்புத்தூர்

உங்க கவலை புரியுது மா. வருது, மறைக்கல. ஆனா எப்படி வருதுன்னு பாருங்க. 1999, 2000 வாக்குல எரிக்கான்னு ஒரு பொண்ணு, சமாரா ஃபெலிப்போ நடிச்சாங்க, அவளுக்கு எச்.ஐ.வி. அந்தக் காலத்துல டிவியில எச்.ஐ.வி. வந்தா அடுத்த சீன்ல சாவு வரும், அழுகை மியூசிக் வரும். இங்க அவளைச் சாகடிக்கல, அவ ஸ்கூலுக்கு வருவா, காதலிப்பா, மாத்திரை சாப்பிடுவா, பக்கத்துல உக்கார பயப்படுறவங்களைச் சந்திப்பா. இதுல ஒரு நிஜப் பின்னணி இருக்கு. பிரேசில் 1996லயே சட்டம் போட்டு எச்.ஐ.வி. மருந்தை அரசு ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் இலவசமா குடுக்க ஆரம்பிச்ச நாடு, உலகத்துலயே இதுல முன்னாடி நின்ன நாடுகள்ல ஒண்ணு. மருந்து கையில இருக்கு, ஆனா வெக்கப்பட்டுக்கிட்டு டெஸ்ட்டுக்கே வரலன்னா என்ன பண்றது? அந்த வெக்கத்தை உடைக்க அஞ்சரை மணி சீரியல் உதவுச்சு.

இப்படி சமூக விஷயத்தைக் கதைக்குள்ள வெச்சு சொல்றதுக்கு குளோபோவுல திட்டமே போட்டு வேலை பாத்தாங்க. சில சமயம் அது பாடப்புத்தகம் வாசிக்கிற மாதிரியும் ஆயிடும், ஒரு டீச்சர் கேமராவைப் பாத்துக்கிட்டே ஆணுறை பத்தி லெக்சர் எடுக்குற மாதிரி சீன் எல்லாம் உண்டு, அந்த இடத்துல பசங்க எழுந்து பிரிட்ஜைத் திறக்கத்தான் போயிருப்பாங்க. பாக்கலாமான்னு கேட்டா, 14 வயசுப் பொண்ணு தனியா போன்ல பாக்குறதை விட நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க, சங்கடமா இருந்தாலும் எழுந்து போகாதீங்க.

கே: பிரேசில்ல பாதிக்கு மேல கறுப்பு, கலப்பு நிறத்து மக்கள்னு படிச்சிருக்கேன். சீரியல்ல பாத்தா எல்லாரும் வெள்ளையா இருக்காங்களே? — கல்லூரிப் பேராசிரியர், தஞ்சாவூர்

நெத்தியடிக் கேள்வி ஐயா. 2010 கணக்கெடுப்புலயே தங்களைக் கறுப்பு அல்லது கலப்புன்னு சொன்னவங்க பாதிக்கு மேல. ஆனா மல்யசாவ் ஆரம்பிச்சது பாஹா ஜிம்முல, அங்க வர்றது யாருன்னு சொல்லவே வேணாம். கறுப்பு நடிகர்கள் இருந்தாங்க, ஹீரோயினோட தோழி, ஹீரோவோட நண்பன், கடைக்காரரு. ஒரு கறுப்புப் பொண்ணு கதாநாயகியா வர 2016 வரைக்கும் ஆச்சு, அந்த சீசன்ல ஜோவானா வேஷத்துல அலீன் டியாஸ். 1995லேர்ந்து கணக்குப் போட்டா 21 வருஷம். இத்தனைக்கும் இது "இளைஞர்களோட கண்ணாடி"ன்னு சேனல் பெருமைப்பட்டுக்கிட்ட சீரியல்! பாராட்டி எழுதுறவங்க பெரும்பாலும் இந்த விஷயத்தைத் தாண்டிப் போயிடுறாங்க, எனக்கு அது ஒப்பல.

கே: எல்லா சீசனும் சுமார்னு சொல்லிட்டா எப்படி? உங்களுக்குப் புடிச்சதுன்னு ஒண்ணு இருக்கும்ல? — வாசகி, காரைக்கால்

இருக்கு, அதுக்குத்தான் இவ்ளோ நேரம் காத்துக்கிட்டு இருந்தேன். வீவா ஆ டிஃபெரென்சா, 2017 மே மாசத்துலேர்ந்து 2018 மார்ச் வரைக்கும் வந்த சீசன். எழுதினவர் காவ் ஹம்பர்கெர், 1994ல ஒரு மந்திரக் கோட்டையை வெச்சு எடுத்த குழந்தைகள் தொடர் மூலமா ஒரு தலைமுறையையே கட்டிப் போட்டவர். முதல் வேலையா அவர் கதையை ரியோவை விட்டுத் தூக்கிட்டாரு. அது வரைக்கும் மல்யசாவ்னா கடல், மணல், வெயில். இவரு சாவோ பாவுலோவுக்குக் கொண்டு போனாரு, கான்கிரீட், மழை, நெரிசல், மெட்ரோ.

அந்த மெட்ரோவுலதான் கதை ஆரம்பிக்குது. ஒரே பெட்டியில அஞ்சு பொண்ணுங்க, ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. கெய்லாங்குற பொண்ணு நிறைமாசம், பள்ளிக்கூடப் பொண்ணு. ரயில் நடுவழியில நின்னு போகுது, அவளுக்கு வலி வந்துடுது. மீதி நாலு பேரும் அவளைச் சுத்தி உக்காந்து, கையைப் புடிச்சுக்கிட்டு, என்ன பண்றதுன்னு தெரியாமலே பிரசவம் பாக்குறாங்க. டோனிக்கோ பொறக்குறான். முதல் எபிசோடே இது! வழக்கமான மல்யசாவா இருந்தா முதல் எபிசோடுல ஹீரோ ஹீரோயின் மேல மோதி புக்கு கீழ விழும்.

அந்த நாலு பேரு யாருன்னு பாருங்க. லீக்கா, பணக்கார வீட்டுப் பொண்ணு, அப்பா க்ரூப்போன்னு ஒரு பெரிய தனியார் ஸ்கூலை நடத்துறாரு, இவ அந்த அப்பா மேலயே கோவத்துல திரியுறா. டீனா, ஜப்பானிய வம்சாவளி, கறாரான அம்மா. எல்லென், புறநகர்ல வளர்ந்த கறுப்புப் பொண்ணு, கம்ப்யூட்டரைப் பிரிச்சு மேயுறவ. பெனே, ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்ல இருக்குற பொண்ணு, பொய் சொல்ல வராது, கிண்டல் புரியாது, தொட்டா புடிக்காது, பியானோன்னா உயிர். டஃப்னி பொஸாஸ்கி பெனேவை நடிச்ச விதத்துக்கே இந்த சீசனைப் பாக்கலாம், பரிதாபம் வாங்குற நடிப்பு ஒரு இடத்துல கூட இல்ல, பல சமயம் கூட்டத்துலயே தெளிவா யோசிக்கிறவ அவதான், சிரிப்பும் அவளாலதான் வரும், ஆனா அவளைப் பாத்து சிரிக்க வைக்க மாட்டாங்க.

இதுல காதல் இருக்கு, நிறையவே இருக்கு, ஆனா வண்டியை ஓட்டுறது காதல் இல்ல, இந்த அஞ்சு பேரோட சிநேகம். யாரு யாரைக் கட்டிக்கப் போறாங்கன்னு கவலையே இல்லாம இருநூறு எபிசோடுக்கு மேல நான் பாத்த சீரியல் இது ஒண்ணுதான். லீக்காவுக்கும் சமாந்தாங்குற பொண்ணுக்கும் நடுவுல வர்ற காதலையும் அதே சாதாரணத்தோட வெச்சிருந்தாங்க, ரசிகர்கள் உடனே லிமாந்தான்னு பேரு வெச்சுட்டாங்க, பேரு வெக்கலன்னா அவங்களுக்குத் தூக்கம் வராது. இந்த சீசன் சர்வதேச எம்மி கிட்ஸ் விருதும் வாங்குச்சு.

கே: அதுல அரசுப் பள்ளி, தனியார் பள்ளின்னு ரெண்டு ஸ்கூல் வருதாமே? — அரசுப் பள்ளி ஆசிரியர், விழுப்புரம்

ஆமா சார், கதையோட முதுகெலும்பே அதுதான். ஒரு பக்கம் க்ரூப்போ, ஃபீஸ் கட்டுறவங்களுக்கு. இன்னொரு பக்கம் கோரா கொரலினா, அரசுப் பள்ளி. அந்தப் பேரு நிஜத்துல ஒரு கவிஞரோட பேரு, கோயாஸ்ங்குற மாநிலத்துல பழ மிட்டாய் செஞ்சு வித்து வாழ்ந்த அம்மா, 1965ல முதல் புத்தகம் வந்தப்போ வயசு எழுபத்தஞ்சு. அரசுப் பள்ளிக்கு அந்தப் பேரை வெச்ச ஆளுக்கு ஒரு சபாஷ்.

பிரேசில்ல இருக்குற ஒரு தலைகீழ் நியாயம் தெரிஞ்சா இந்தக் கதை இன்னும் நல்லா புரியும். அங்க பள்ளிக்கூடத்துல பணம் உள்ளவங்க தனியாருக்குப் போவாங்க, இல்லாதவங்க அரசுப் பள்ளி. ஆனா யுனிவர்சிட்டின்னு வரும்போது நல்லது எல்லாம் அரசோடது, ஃபீஸே கிடையாது. நுழைவுத் தேர்வு கஷ்டம், அதனால தனியார் பள்ளியில காசு கட்டிப் படிச்ச பசங்களே அந்த இலவச சீட்டைப் பெரும்பாலும் அள்ளிக்கிட்டு போனாங்க. 2012ல ஒரு சட்டம் வந்துச்சு, மத்திய யுனிவர்சிட்டிகள்ல பாதி இடம் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு, அதுக்குள்ள கறுப்பு, கலப்பு, பழங்குடி மக்களுக்கு அந்தந்த மாநில மக்கள்தொகைக்கு ஏத்த பங்கு. இந்த சீசன் வர்றப்போ அந்தச் சட்டம் பத்தி வீட்டுக்கு வீடு சண்டை நடந்துக்கிட்டு இருந்த காலம். எல்லென் க்ரூப்போவுல இடம் கெடைச்சு உள்ள நுழையுறப்போ மத்த பசங்க பாக்குற பார்வையை வசனமே இல்லாம காட்டுறாங்க, அந்தப் பார்வைக்குப் பின்னாடி இந்தச் சண்டை அத்தனையும் இருக்கு.

கே: பிரேசில்ல ஜப்பான்காரங்க எப்படி வந்தாங்க? — பத்தாம் வகுப்பு மாணவி, தேனி

1908ல கசாட்டோ மாருன்னு ஒரு கப்பல்ல சாந்தோஸ் துறைமுகத்துல வந்து இறங்கினாங்க கண்ணு, காபித் தோட்டத்துல வேலை செய்ய. அடிமை முறையை பிரேசில் 1888லதான் ஒழிச்சுது, தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டுச்சு. இன்னிக்கு ஜப்பானுக்கு வெளிய ஜப்பானிய வம்சாவளி மக்கள் அதிகம் இருக்குற நாடு பிரேசில்தான், சாவோ பாவுலோவுல லிபெர்தாஜின்னு அவங்களுக்குப் பேர் போன ஏரியாவே இருக்கு. அப்படி இருந்தும் குளோபோ சீரியல்ல ஆசிய முகம்னா கடைக்காரர் வேஷம்தான் ரொம்ப காலம். டீனாவா வந்த அனா ஹிகாரியைத்தான் குளோபோவோட முதல் ஆசிய வம்சாவளிக் கதாநாயகின்னு சொல்றாங்க. டீனாவோட அம்மா மித்சுக்கோ, பொண்ணு அன்டெர்சன்ங்குற கறுப்புப் பையனைக் காதலிக்கிறதை ஏத்துக்க மாட்டேங்குறாங்க. ஒதுக்கப்பட்ட ஒரு கூட்டமே இன்னொரு கூட்டத்தை எப்படி ஒதுக்குதுன்னு அந்தக் குடும்பத்துக்குள்ளயே காட்டிட்டாங்க.

கே: இன்னும் சின்னப் பசங்களுக்கு, எட்டு ஒன்பது வயசுக்கு ஏதும் இல்லையா? — தாத்தா, மன்னார்குடி

அது எதிர்க் கட்சியோட ஏரியா ஐயா. எஸ்.பி.டி.ன்னு இன்னொரு சேனல், 2012ல மெக்சிகோக் கதை ஒண்ணை வாங்கி கர்ரோசேல்னு எடுத்தாங்க, ஒரு டீச்சர், ஒரு வகுப்பு, அவ்ளோதான் கதை. எழுதினது அப்போ சேனல் முதலாளியா இருந்த சில்வியோ சாந்தோஸோட மனைவி ஈரிஸ் அப்ரவனெல். ராத்திரி எட்டரை மணி வாக்குல, குளோபோவுல நியூஸ் ஓடுற நேரத்துல போட்டாங்க, பெரியவங்களுக்கு நியூஸ், எங்களுக்கு இதுன்னு பசங்க ரிமோட்டைப் பிடுங்கிட்டாங்க. லரிசா மனொயேலாங்குற குட்டி நட்சத்திரம் அதுலதான் நாடு முழுக்கப் பிரபலமானாங்க, ஏற்கெனவே பிரபலமா இருந்த மாயிசாவும் அதுல நடிச்சாங்க. அங்க குழந்தைங்க நடிக்கணும்னா கோர்ட்டு அனுமதி வாங்கணும், அது நல்ல வழக்கம். லீக்காவோட காதலி சமாந்தான்னு சொன்னேனே, அந்த வேஷத்துல வந்த ஜொவானா க்ரீஜியோ, அவங்களும் 2013ல இதே சேனலோட ஷிகிச்சீத்தாஸ்ல அநாதை விடுதிப் பொண்ணா நடிச்சுட்டு வந்தவங்கதான்.

கே: அந்த ஊர் சீரியல்ல நம்ம நாடு எப்பவாவது வந்திருக்கா? — வாசகர், பெங்களூரு

வந்திருக்கு, ஆனா பசங்க சீரியல்ல இல்ல, பெரிய கதையில. 2009ல கமின்யோ தாஸ் இந்தியாஸ், எழுதினது க்ளோரியா பெரெஸ். ராஜஸ்தான் பக்கம் நடக்குற கதை, மாயாவா ஜூலியானா பாயெஸ், தலித் இளைஞனா மார்சியோ கார்சியா, எல்லாரும் பட்டுப் புடவையில போர்ச்சுகீஸ் பேசுவாங்க, எடுத்ததுக்கெல்லாம் "அரே பாபா"ன்னுவாங்க. அந்த வருஷம் பிரேசில் தெருவுல எல்லாம் அரே பாபாதான். அதுக்கும் சர்வதேச எம்மி கெடைச்சுது. நமக்குப் பாக்க சிரிப்பா இருக்கும், சாதியைப் பத்திப் பேசணும்னு நெனச்சதுக்கு மட்டும் மார்க் போடலாம்.

கே: இவ்ளோ நல்லா ஓடின சீரியலை ஏன் நிறுத்தினாங்க? — வாசகி, சேலம்

நேரடிக் காரணம் கொரோனா. 2020 மார்ச்சுல ஷூட்டிங் எல்லாம் நின்னு போச்சு, ஓடிக்கிட்டு இருந்த சீசனை அவசர அவசரமா முடிச்சாங்க. அதை எழுதினவர் யாரு தெரியுமா, அதே எமானுவேல் ஜக்கோபீனா, 1995ல ஆரம்பிச்சு வெச்சவர்ல ஒருத்தர். பாஹா கடற்கரையில ஆரம்பிச்சவர் கடைசிக் கதையை துக்கே தெ காஷியாஸ்னு ரியோவுக்கு வெளிய இருக்குற உழைக்கிற ஜனங்க ஊர்ல வெச்சிருந்தாரு. அதுல ரீட்டாவா வந்த அலானிஸ் கில்லென் ரெண்டு வருஷத்துல பன்தனால்னு பெரிய ஒன்பது மணிக் கதைக்கே நாயகி ஆயிட்டாங்க. அப்புறம் பழைய சீசனை மறுஒளிபரப்பு பண்ணாங்க, முதல்ல வீவா ஆ டிஃபெரென்சா, அடுத்து சோன்யோஸ். புது சீசனுக்கு வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு, 2021ல அதையும் வேணாம்னு நிறுத்திட்டாங்க.

ஆனா கொரோனா இல்லன்னாலும் ரொம்ப நாள் தாங்கியிருக்காதுங்குறது என் எண்ணம். அஞ்சரை மணிக்கு டிவி முன்னாடி உக்காந்திருந்த பசங்க இப்போ போனோட ரூம்ல இருக்காங்க. டிவி முன்னாடி மிச்சம் இருந்தது பாட்டிங்கதான், அவங்களுக்கு ஸ்கூல் காதல் எதுக்கு? குளோபோவே இதைப் புரிஞ்சுக்கிட்டு அந்த அஞ்சு பொண்ணுங்க கதையோட தொடர்ச்சியை டிவியில போடாம தங்களோட குளோபோபிளே ஆப்புல 2020 நவம்பர்ல விட்டாங்க, பேரு அஸ் ஃபைவ். அஞ்சு பேரும் வளர்ந்து பிரிஞ்சு போயி, டீனாவோட அம்மா இறந்த வீட்டுல திரும்ப சந்திக்கிறாங்க. மூணு சீசன் வந்துச்சு. அது டீனேஜ் கதை இல்ல, இருபதுகள்ல இருக்குறவங்க கதை, வேலை, வாடகை, குடி, தப்பான ஆளோட உறவுன்னு, கோயம்புத்தூர் அம்மா இதைப் பொண்ணோட பாக்க வேணாம்.

கே: எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம் அக்கா? 27 சீசன் பாக்க ஆயுசு பத்தாது. — ஐ.டி. ஊழியர், சென்னை

வீவா ஆ டிஃபெரென்சாவோட முதல் வாரத்தைப் பாருங்க, புடிச்சா தொடருங்க, புடிக்கலன்னா மல்யசாவே உங்களுக்கு ஆகாதுன்னு வெச்சுக்கலாம். அடுத்து 2004, நத்தாஷா பாடுற சீன்களை மட்டும் தேடிப் பாத்தா கூட போதும், குஸ்தாவோ, லெத்தீசியா அழுகை எல்லாம் ஓட்டி விடுங்க, ஒண்ணும் குறைஞ்சிடாது. அடிதடியும் காமெடியும் புடிக்கும்னா சோன்யோஸ். 1998 பக்கம் மட்டும் தலை வெச்சுப் படுக்காதீங்க.